மூளையைக் கழற்றி வைத்த டிவி

சில வருடங்களுக்கு முன் மதுரைச் சித்திரைத் திருவிழாவில், அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று விடியற்காலை. அம்மாவுக்கு முழங்கால் வலி, கூட்டத்துக்குள் போக முடியாது. மூன்று மணிக்கே குளித்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார். லோக்கல் கேபிளில் தல்லாகுளத்திலிருந்து நேரலை. அழகர் தங்கக் குதிரையில் ஏறி வெளியே வருகிற நேரம். என்ன நிறப் பட்டு உடுத்தியிருக்கிறார் என்று பார்க்க ஊரே கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறது. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டலாம் என்று அம்மா ரிமோட்டை எடுத்தார். கட்டைவிரல் பக்கத்திலிருந்த ஓடிடி பட்டனில் பட்டுவிட்டது.

அழகர் போய்விட்டார். திரை கறுத்தது, ஒரு லோகோ சுற்றியது, "அப்டேட் செய்யவும்" என்று வந்தது. பின்னால் போனால் முகப்புத் திரை. பாதித் திரைக்கு ஒரு விளம்பரம், அதற்குக் கீழே வரிசையாகப் பட போஸ்டர்கள். இதில் கேபிள் எங்கே இருக்கிறது என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்? நான் மாடியிலிருந்து இறங்கி வந்து, கேபிள் பெட்டி மாட்டியிருக்கும் ஹெச்டிஎம்ஐ 1 என்பதைத் தேடித் தட்டுவதற்குள், பக்கத்து வீட்டு அக்கா ஜன்னல் வழியாக, "பச்சைப் பட்டு, பெரியம்மா!" என்று குரல் கொடுத்துவிட்டார். அம்மா என்னைத் திட்டவில்லை. "இந்த டிவிய எதுக்குப்பா வாங்குன?" என்று மட்டும் கேட்டார்.

அன்று மத்தியானமே அந்த டிவியிலிருந்து வைஃபையைப் பிடுங்கினேன். இன்றுவரை திரும்பக் கொடுக்கவில்லை.

முதலில் கோபத்தில் செய்தது. அப்புறம் விஷயத்தைத் தோண்டிப் பார்த்தபோதுதான், இது கோபம் மட்டுமல்ல, கணக்குப்படியும் சரியான வேலை என்று புரிந்தது.

டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் போய், "ஸ்மார்ட் இல்லாத டிவி இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். கடைப் பையன், "நார்மல் வேணுமாண்ணே? 32 இஞ்சுல கெடைக்கும். 43க்கு மேல எல்லாமே ஸ்மார்ட்தான்" என்பார். பெரிய திரை வேண்டுமென்றால் ஸ்மார்ட்டோடுதான் வாங்கியாக வேண்டும். நாம் கேட்டதால் வந்த நிலைமை இல்லை இது. படத்தைத் திரைக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்க ஒரு சிப் எப்படியும் வேண்டும். அதே சிப்பில் வைஃபையும் செயலிகளும் ஓட வைக்கக் கூடுதல் செலவு சொற்பம். அந்தச் சொற்பச் செலவுக்கு வருகிற வரும்படியோ, டிவி விற்ற பிறகும் வருடக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும்.

எவ்வளவு வரும்படி? நம்ம ஊரில் அதிகம் தெரியாத விசியோ என்ற அமெரிக்க டிவி கம்பெனி பங்குச் சந்தையில் இருந்ததால் அதன் கணக்கு வெளியில் தெரிந்தது. 2021இன் மூன்றாம் காலாண்டில், டிவி விற்று வந்த மொத்த லாபத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல் அதன் விளம்பர, தரவுப் பிரிவு சம்பாதித்திருந்தது. 2024இல் அந்தக் கம்பெனியை வால்மார்ட் சுமார் 230 கோடி டாலருக்கு வாங்கியது. டிவி செய்யத் தெரியாமல் வாங்கவில்லை. கடையில் சோப்பு விற்கிறவனுக்கு வீட்டுக்கூடத்தில் ஒரு விளம்பரப் பலகை கிடைத்தால் விடுவானா? டிவி விலை இவ்வளவு மலிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். மலிவாகக் கொடுத்துவிட்டு மிச்சத்தை நம்மிடமே, நமக்குத் தெரியாமல், வசூலித்துக்கொள்கிறார்கள்.

விளம்பரம் காட்டுவதோடு நின்றால்கூடப் போகட்டும் என்று விடலாம். பார்ப்பதையும் பார்க்கிறது. ஏசிஆர் என்று ஒரு ஏற்பாடு. திரையில் ஓடுவது என்ன என்று டிவியே கண்டுபிடித்துக் கம்பெனிக்குச் சொல்லும். முழுப் படத்தையும் அனுப்பத் தேவையில்லை. கோலம் தெரிந்தவரிடம் புள்ளி எத்தனை, எங்கே வளைகிறது என்று இரண்டு விவரம் சொன்னால், இது இன்ன கோலம் என்று சொல்லிவிடுவார் இல்லையா, அதே மாதிரிதான். திரையிலிருந்து சில புள்ளிகளையும் ஒலியின் சாயலையும் எடுத்து ஒரு சின்ன ரேகையாக்கி அனுப்புகிறது. அந்தப் பக்கம் நிகழ்ச்சிகளின் ரேகைகள் ஏற்கெனவே அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். பொருந்தினால், இந்த வீட்டில் இந்த நேரத்தில் இதைப் பார்த்தார்கள் என்று பதிவாகிவிடும்.

மேலே சொன்ன விசியோ இதைத்தான் ஒரு கோடியே பத்து லட்சம் டிவிகளில், சரியாகச் சொல்லாமல், நொடிக்கு நொடி செய்தது. 2017இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துடனும் நியூஜெர்சி மாநிலத்துடனும் சமரசமாகி 22 லட்சம் டாலர் கட்டியது. அதற்கு முன்னாலேயே, 2013இல், பிரிட்டனில் ஒருவர் தன் எல்ஜி டிவி வெளியே என்ன அனுப்புகிறது என்று தோண்டிப் பார்த்தார். பார்ப்பதைச் சேகரிக்கும் அமைப்பை அணைத்த பிறகும் சேனல் பெயர்கள் போய்க்கொண்டிருந்தன. அதைவிட மோசம், பென் டிரைவில் போட்டுப் பார்த்த கோப்புகளின் பெயர்களும் போயின. பென் டிரைவில் பெரும்பாலும் கல்யாண வீடியோவும் காதுகுத்து வீடியோவும்தான் இருக்கும். அதன் பெயரைத் தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறார்களோ. ஆனாலும் கேட்காமல் எடுத்தார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது இன்னொரு ஆய்வு. 2024இல் லண்டன், கலிஃபோர்னியா, மாட்ரிட் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் சாம்சங், எல்ஜி டிவிகளை வைத்துச் சோதித்தார்கள். சாம்சங் அரை நொடிக்கு ஒருமுறையும், எல்ஜி நொடிக்கு நூறு முறையும் திரையைப் படம் பிடிப்பதாக எழுதினார்கள். இதில் முக்கியமான விஷயம், ஹெச்டிஎம்ஐ வழியாக வெளியிலிருந்து ஒரு பெட்டியை மாட்டி, டிவியை வெறும் திரையாகப் பயன்படுத்தினாலும் இந்த வேலை நடந்தது என்பதுதான். அதாவது, "நான் ஸ்மார்ட் எதையும் தொடுறதில்ல, கேபிள் பெட்டிதான் பார்க்குறேன்" என்று சொல்கிறவரும், டிவியில் வைஃபை இருந்தால் கணக்கில் வந்துவிடலாம். மெனுவில் ஒப்புதலை எடுத்துவிட்டபோது அந்தப் போக்குவரத்து நின்றது என்றும் அதே ஆய்வு சொல்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். சோதனை நடந்தது பிரிட்டனிலும் அமெரிக்காவிலும். ஆனால் எங்கள் வீட்டு டிவியின் மெனுவுக்குள் போனால் அதே மாதிரி ஒப்புதல் பக்கம் இருந்தது, டிக் போட்டபடி. டிவி வந்த அன்று, கிரிக்கெட் ஆரம்பிக்கப் போகிற அவசரத்தில், நான்தான் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தட்டியிருக்கிறேன்.

நம் நாட்டுச் சட்டம் என்ன செய்கிறது என்றால், வந்துகொண்டிருக்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. கம்பெனிகளின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் அமலாகும். அதுவரை வைஃபை பாஸ்வேர்டுதான் நம் கையிலிருக்கும் சட்டம்.

ஆனால் உளவு பார்ப்பது எனக்கு இரண்டாவது காரணம்தான். முதல் காரணம் ஆயுசு. டிவியின் திரை பத்து வருடம் தாராளமாக உழைக்கும். அதற்குள் வைத்திருக்கிற மூளைக்கு அந்த ஆயுசு கிடையாது. குறைந்த விலை டிவிகளில் ஒரு ஜிபி, ஒன்றரை ஜிபி ராமும் எட்டு ஜிபி சேமிப்பும்தான் இருக்கும். செயலிகளோ ஒவ்வொரு அப்டேட்டிலும் ஊதிக்கொண்டே போகின்றன. நாலாவது வருடம் பட்டனை அமுக்கிவிட்டு ஒரு வாய் காபி குடித்துவிட்டு நிமிர்ந்தால்தான் திரை நகரும். அப்புறம் ஒருநாள் செயலியே கைகழுவிவிடும். 2015இல் யூடியூப் தன் பழைய இணைப்பு முறையை நிறுத்தியபோது, 2012க்கு முந்தைய பல ஸ்மார்ட் டிவிகளில் யூடியூப் நின்றுபோனது. 2019 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ், 2010, 2011 மாடல் சாம்சங் டிவிகள் சிலவற்றிலிருந்து விலகிக்கொண்டது. டிவிகளின் திரையில் ஒரு கோளாறும் இல்லை.

செல்லூரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவரின் கடையில், சுவரோரம் அடுக்கி வைத்த டிவிகளைக் காட்டி, "பேனல் போனதெல்லாம் இந்தப் பக்கம். பேனல் நல்லா இருந்தும் ஸ்லோவா இருக்குன்னு குடுத்துட்டுப் போனதெல்லாம் அந்தப் பக்கம்" என்றார். அந்தப் பக்கம்தான் அடுக்கு உயரம்.

எனவே நான் வந்து சேர்ந்த இடம் இதுதான்: திரையை ஒருமுறை வாங்கு, மூளையை வெளியே வை. மூளை கெட்டால் அதை மட்டும் மாற்று. புதுசாகத் தோன்றலாம்; நம்ம பக்கத்து வீடுகள் எப்போதுமே இப்படித்தான் டிவி பார்த்தன. மொட்டைமாடி ஆன்டெனாவைக் கொடைக்கானல் பக்கம் திருப்பி வைத்து, "இப்ப தெரியுதா? இப்ப?" என்று மேலேயிருந்து கத்திய காலத்தில் டிவி வெறும் திரை. வீடியோ டெக்கை ஒரு ராத்திரி வாடகைக்கு எடுத்து, தெருவில் பாய் விரித்து மூன்று படம் பார்த்தோமே, மூளை அந்த டெக்கில் இருந்தது. விடிந்ததும் கடைக்குத் திரும்பப் போனது. 2006 தேர்தலுக்குப் பிறகு தமிழக அரசு வீடு வீடாகக் கொடுத்த 14 இஞ்ச் கலர் டிவிக்கு, பின்னாளில் கேபிள்காரர் கொண்டுவந்த செட்டாப் பாக்ஸ்தான் மூளை. அரசு கேபிளோ தனியார் கேபிளோ, பெட்டி மாறியது, டிவி மாறவில்லை. இன்றும் உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் சொந்தக்காரர் வீட்டில் டிடி ஃப்ரீ டிஷ் பெட்டி ஒன்றுதான். மாதக் கட்டணம் கிடையாது, அந்த டிவிக்கு இணையம் என்றால் என்னவென்றே தெரியாது. ஜல்லிக்கட்டு நேரலைக்குத் தெருவே அங்கேதான் கூடும்.

செய்வது சுலபம். ஏற்கெனவே வைஃபையில் சேர்த்துவிட்ட டிவி என்றால் நெட்வொர்க்கை மறக்கச் சொன்னாலும் போதும். ஆனால் ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பதுதான் சுத்தம். பழைய ஒப்புதல்கள், கணக்குகள் எல்லாம் அதோடு போய்விடும். மறுபடி அமைக்கும்போது வைஃபை கேட்கிற இடத்தில் தவிர்த்துவிட்டுப் போங்கள். கூகுள் டிவி வகையாக இருந்தால் ஆரம்பத்திலேயே 'பேசிக் டிவி' என்று ஒரு வழி காட்டும். அதைத் தேர்ந்தெடுத்தால் கூகுள் கணக்கு கேட்காது, செயலிகள் இருக்காது, ஹெச்டிஎம்ஐயும் ஆன்டெனாவும் மட்டும் இருக்கும். கம்பெனிக்காரனே கொடுத்திருக்கிற கதவு இது. ஆனால் கடையிலிருந்து டிவி மாட்ட வருகிறவர் இதைக் காட்டியதாக நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. மற்ற வகைகளில் உபயோக விதிமுறையை மட்டும் ஒத்துக்கொண்டு, பார்க்கும் விவரம், விளம்பரம், குரல் என்று தனித்தனியாகக் கேட்பதற்கெல்லாம் டிக் எடுத்துவிடலாம். இணையத்தை விட மனசில்லாதவர்கள் இதையாவது செய்யலாம். சாம்சங்கில் 'வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்', எல்ஜியில் 'லைவ் பிளஸ்' என்ற பெயர்களைத் தேடுங்கள். அப்டேட்டுக்குப் பிறகு ஒருமுறை திரும்பப் போய்ப் பார்ப்பதும் நல்லது.

அடுத்தது, டிவியைப் போட்டதும் எந்த வழியில் திறக்க வேண்டும் என்கிற அமைப்பு. பல டிவிகளில் 'கடைசியாகப் பார்த்த இன்புட்' அல்லது 'ஹெச்டிஎம்ஐ 1' என்று வைக்கலாம். எங்கள் வீட்டில் நிஜமான மாற்றம் இதனால்தான் வந்தது. முகப்புத் திரை என்ற ஒன்று அம்மா கண்ணிலேயே படுவதில்லை. பெட்டியைப் போட்டால் டிவியும் தானாக எழுந்து அந்த இன்புட்டுக்கு வர, சிஇசி என்ற அமைப்பு உண்டு. ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு ஒரு செல்லப்பெயர் வைத்திருப்பதால் மெனுவில் தேடிப்பிடிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

ஒரு சந்தேகம் நிறையப் பேர் கேட்கிறார்கள்: ஓடிடி பார்க்க வெளியே மாட்டுகிற ஸ்டிக்கில் (ஹெச்டிஎம்ஐ துளையில் செருகும் சின்னக் கருவி) இணையம் இருக்கிறதே, அது ஹெச்டிஎம்ஐ வழியாக டிவிக்கும் போய்விடாதா? 2009இல் வந்த ஹெச்டிஎம்ஐ 1.4 தரத்தில் அப்படி ஒரு வழி எழுதி வைத்திருப்பது உண்மைதான். ஆனால் வீட்டு டிவிகளில் அது புழக்கத்துக்கு வரவே இல்லை. ஸ்டிக்கின் இணையம் ஸ்டிக்கோடு நின்றுவிடும்.

ஸ்டிக் மட்டும் யோக்கியமா என்றால், இல்லை. அதைச் செய்கிற கம்பெனிகளும் விளம்பரத்தில்தான் பிழைக்கின்றன. அதில் என்ன பார்க்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும். வித்தியாசம், அது தன் வழியே ஓடுவதைத்தான் பார்க்கும், பக்கத்து இன்புட்டில் ஓடும் கேபிளை எட்டிப் பார்க்காது. பிடிக்கவில்லையென்றால் பிடுங்கி எறிய சில ஆயிரம் ரூபாயோடு முடிந்துவிடும். நாற்பதாயிரத்தை எறிய வேண்டியதில்லை. யாருக்கும் தெரியக் கூடாது என்கிறவர்கள் பழைய லேப்டாப்பை ஹெச்டிஎம்ஐயில் மாட்டலாம். நானும் இரண்டு மாதம் அப்படி ஓட்டினேன். யூடியூப் பிரமாதம். ஆனால் பெரிய ஓடிடிகள் திருட்டு நகலைத் தடுக்கும் வைட்வைன் எல்1 போன்ற சான்று உள்ள கருவிக்குத்தான் முழுத் தரத்தில் படம் கொடுக்கின்றன. லேப்டாப் உலாவிகளில் பெரும்பாலும் அது இருக்காது, படம் மங்கலாக வரும். தவிர, படம் பார்க்கும்போது மவுஸைத் தேடுவது வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. ஸ்டிக்குக்கே போய்விட்டோம்.

இங்கே ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். எந்த ஊர் எலெக்ட்ரானிக்ஸ் பஜாரிலும் பேர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டிகள் கிடைக்கும்; எல்லாச் சேனலும் இலவசம் என்று சொல்லித் தருவார்கள். டிவியின் மூளையை வேண்டாமென்று சொல்லிவிட்டு இதை வாங்குவது, பேயை விரட்டப் பிசாசைக் கூப்பிடுவது மாதிரி. 2023 ஆரம்பத்தில் டி95 என்ற மலிவுப் பெட்டி ஒன்று, உறை பிரிக்கும்போதே வைரஸோடு வருவது வெளிவந்தது. 2024இல் உலகம் முழுக்கச் சுமார் 13 லட்சம் பெட்டிகள் வைரஸால் பாதிக்கப்பட்டதாக ஒரு பாதுகாப்பு நிறுவனம் சொன்னது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐயே இந்த மாதிரிப் பெட்டிகளைப் பற்றிப் பொது எச்சரிக்கை விட்டது. நம் வீட்டு இணையத்தையே அடுத்தவனின் திருட்டு வேலைக்கு வாடகைக்கு விடுகிற பெட்டிகள் இவை. கூகுள் சோதித்துக் கொடுக்கும் பிளே புரொடெக்ட் சான்று உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்தக் கடையில் வேறு ஏதாவது, ஒரு நல்ல ஹெச்டிஎம்ஐ கேபிள், வாங்கிக்கொண்டு வாருங்கள்.

வைஃபையை எடுத்ததில் இழந்தது என்ன? ரிமோட்டில் பேசித் தேடுவது போனது. போனிலிருந்து நேராக டிவிக்கு அனுப்புவது போனது. ஸ்டிக்கில் அது இருப்பதால் குறை தெரியவில்லை. அப்டேட் வராது. வேண்டுமென்றால் கம்பெனியின் தளத்திலிருந்து பென் டிரைவில் இறக்கிப் போடலாம். படமும் சத்தமும் சரியாக இருக்கும்வரை நான் அந்தப் பக்கம் போகவில்லை. படத்தின் தரம் குறையுமா என்று என் மச்சான் கேட்டார். குறையாது. படத்தைப் பெரிதாக்கிக் கூர்மையாக்குகிற வேலை டிவிக்குள்ளேயே நடப்பது, அதற்கு இணையம் வேண்டாம்.

கடைசியாக மிஞ்சிய பிரச்சினை ரிமோட். டிவிக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று, ஸ்டிக்குக்கு ஒன்று. அந்த ஓடிடி பட்டன்கள் மேல் முதலில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி வைத்திருந்தேன். வெயில் காலத்தில் பசை இளகி, அம்மா கையெல்லாம் பிசுபிசு. மாதச் சந்தா வாங்க வந்த கேபிள்காரத் தம்பி இதைப் பார்த்துச் சிரித்தார். "ஏண்ணே இந்தப் பாடு? எங்க ரிமோட்லயே படிக்க வெச்சுரலாம்ல" என்றார். செட்டாப் பாக்ஸ் ரிமோட்டின் ஒரு ஓரத்தில் கட்டம் போட்டு நாலைந்து பட்டன்கள் இருந்தன. அதை நான் வருடக்கணக்கில் அலங்காரம் என்று நினைத்திருந்தேன். டிவி ரிமோட்டை எதிரெதிரே வைத்து, ஒரு பட்டனைச் சிவப்பு விளக்கு எரியும்வரை அமுக்கிப் பிடித்து, அங்கே பவர், இங்கே பவர். அங்கே சத்தம், இங்கே சத்தம். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பெட்டி ரிமோட்டே டிவியைப் போடவும் அணைக்கவும் சத்தம் கூட்டவும் குறைக்கவும் கற்றுக்கொண்டுவிட்டது.

டிவி ரிமோட் இப்போது பேட்டரி கழற்றி, பிளாஸ்டிக் உறைக்குள், பீரோ மேல் இருக்கிறது. இந்தச் சித்திரையில் அம்மா மூன்று மணிக்கு எழுந்து பெட்டி ரிமோட்டில் ஒரே பட்டனைத் தட்டினார். நேராகத் தல்லாகுளம் வந்தது. நான் விழித்துக் கீழே வருவதற்குள் அழகர் குதிரை மேல் ஏறியாகிவிட்டது. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி, பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பட்டின் நிறத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.